காவலரை உருவாக்கும் இடங்கள்: டப்ளினிலிருந்து பெல்ஃபாஸ்ட் வரை

டப்ளின் நகரின் மேற்குப் புறத்தில், ஹியூஸ்டன் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே போய்விடும் தூரத்தில், ஃபீனிக்ஸ் பூங்கா தொடங்குகிறது. 700 ஹெக்டேருக்கும் மேல் விரிந்து கிடக்கும் புல்வெளி, அதில் மேயும் மான்கள், குடியரசுத் தலைவர் மாளிகை, மிருகக்காட்சிசாலை என்று சுற்றுலா வருபவர்களுக்குப் பார்க்க நிறைய உண்டு. மிருகக்காட்சிசாலைக்குக் கொஞ்சம் தள்ளி, கவாத்து மைதானத்தைச் சுற்றி நிற்கும் பழைய கல் கட்டடங்களைப் பெரும்பாலோர் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள். இன்று அது அயர்லாந்துக் காவல்துறையான கார்டாவின் தலைமையகம். 1842-இலிருந்து 1922 வரை, பின்னாளில் ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரி என்று பெயர் பெற்ற படைக்கு ஆள் பழக்கிய இடமும் அதுதான். இந்தப் பயணத்தை இங்கே தொடங்குவதற்குக் காரணம் உண்டு. ஒரு காவல் படை யாருடையது என்பது அது தெருவில் இறங்கும் முன்பே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. யாரை எடுக்கிறார்கள், எங்கே வைத்து யாரைக் கொண்டு பழக்குகிறார்கள், பழக்கி முடித்தபின் யாருக்குப் பதில் சொல்லும்படி அனுப்புகிறார்கள் என்பவைதான் அதைத் தீர்மானிக்கின்றன. இந்தக் கேள்விகளை அயர்லாந்துத் தீவு அளவுக்குத் திரும்பத் திரும்பச் சந்தித்த நிலப்பகுதி வேறு இருக்குமா என்பது சந்தேகம். டப்ளினிலிருந்து தெற்கே டெம்பிள்மோர் வரையும், பிறகு வடக்கே பெல்ஃபாஸ்ட் வரையும் ரயிலில் போனால், அது கண்ட விடைகளின் மிச்சங்களை வழியிலேயே பார்த்துவிடலாம்.

ராபர்ட் பீல் என்றதும் 1829-இல் அவர் அமைத்த லண்டன் போலீஸ்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு 15 ஆண்டுகள் முன்பே, அயர்லாந்தின் தலைமைச் செயலராக இருந்தபோது, அவர் இங்கே ஒரு படையைத் தொடங்கியிருந்தார். அது வளர்ந்து மாறி, 1836-இல் டப்ளின் போன்ற சில நகரங்கள் நீங்கலாக நாடு முழுமைக்கும் ஒரே கான்ஸ்டபுலரி ஆனது. லண்டன் காவலருக்குக் கையில் தடி. அயர்லாந்துக் காவலருக்குத் துப்பாக்கி. லண்டன் காவலர் தான் ரோந்து போகும் தெருக்களுக்கு நடுவே குடியிருந்தார். அயர்லாந்துக் காவலர் பாசறையில் இருந்தார். சொந்த மாவட்டத்திலோ மனைவியின் மாவட்டத்திலோ அவருக்கு வேலை கிடையாது. கல்யாணம் செய்துகொள்ளவும் மேலிடத்தின் அனுமதி வேண்டும். ஊரோடு ஒட்டாமல் இருக்க வேண்டும் என்பதே பயிற்சியின் நோக்கம். 1867-இல் ஃபீனியன்கள் எனப்பட்ட விடுதலைப் புரட்சியாளரின் கிளர்ச்சியை ஒடுக்கியதற்குப் பரிசாகத்தான் ‘ராயல்’ என்ற அடைமொழி அதன் பெயரில் சேர்ந்தது.

தமிழ் வாசகருக்கு இது தூரத்து நாட்டுச் செய்தி அல்ல. 1843-இல் சிந்துப் பகுதியைப் பிடித்த சார்லஸ் நேப்பியர் அங்கே போலீஸ் அமைத்தபோது அயர்லாந்துப் படையைத்தான் மாதிரியாக வைத்துக்கொண்டார். 1855-இல் சென்னை மாகாணத்தின் சித்திரவதை விசாரணைக் குழு, வரி வசூலுக்காகக் குடியானவர்களை என்னென்ன பாடு படுத்தினார்கள் என்று விரிவாக எழுதி வைத்தது. வருவாய்த் துறையிடமிருந்து போலீஸைப் பிரிக்க வேண்டும் என்ற பேச்சு அதனால் வலுத்து, 1859-இல் சென்னைக்குத் தனிப் போலீஸ் சட்டம் வந்தது. 1861-இல் இந்தியா முழுமைக்கும் வந்தது. சித்திரவதையை ஒழிக்கக் கொண்டுவந்த அந்தச் சீர்திருத்தம், மக்களிடமிருந்து விலகி நிற்கும் ஆயுதப் படையின் சாயலையும் கூடவே கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் இரண்டாம் நிலைக் காவலராகத் தேர்வாகும் இளைஞர் முதலில் ஆயுதப்படைக்கும் பட்டாலியனுக்கும் போய்ப் பந்தோபஸ்தும் காவல் பணியும் பார்த்துப் பல வருடம் கழித்தே ஸ்டேஷனில் புகார் கேட்க உட்காருகிறார் என்றால், அந்த வரிசைக்குப் பின்னால் இருக்கும் பழைய சிந்தனையின் வேர் ஒன்று இந்த மைதானம் வரை நீள்கிறது. அதிகாரிக்கு ஒரு வாசல், சிப்பாய்க்கு இன்னொரு வாசல் என்ற ஏற்பாடும் இங்கே இருந்ததுதான். கான்ஸ்டபிளாகச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் விவசாயிகளின் பிள்ளைகள். அதிகாரிகளில் பெரும்பாலோர் தனித் தேர்வில் நேராக மேலே வந்த கனவான் வீட்டுப் பிள்ளைகள்.

இங்கேயே என் வாதத்துக்கு எதிரான மிக வலுவான ஆட்சேபம் எழுகிறது. அதை முதலிலேயே எடுத்துக்கொள்வதுதான் நேர்மை. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தப் படையின் கீழ்நிலைக் காவலர்களில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கினர் கத்தோலிக்கர்கள். அதாவது, அயர்லாந்தின் பெரும்பான்மைச் சமூகத்திலிருந்து வந்தவர்கள். யாரை எடுக்கிறோம் என்பதுதான் எல்லாம் என்றால் மக்கள் அந்தப் படையைத் தம்முடையதாக ஏற்றிருக்க வேண்டும். நடந்ததோ நேர்மாறு. 1919 ஏப்ரலில் அயர்லாந்து விடுதலை இயக்கத்தின் நாடாளுமன்றம் போலீஸாரைச் சமூக விலக்குச் செய்யச் சொன்னபோது, கடைக்காரர்கள் அவர்களுக்குப் பொருள் கொடுக்க மறுத்தார்கள். அக்கம்பக்கத்தார் பேச்சை நிறுத்தினார்கள். ஆகவே சமூக விகிதாசாரம் மட்டும் போதாது என்பதை ஃபீனிக்ஸ் பூங்கா ஐயத்துக்கு இடமின்றிக் காட்டுகிறது. அதே நேரத்தில் அது இன்னொன்றையும் காட்டுகிறது. அந்த விவசாயி மகனைச் சொந்த மண்ணிலிருந்து பெயர்த்து, வேறு வர்க்கத்து, வேறு மதத்து அதிகாரிகளுக்குக் கீழே வைத்து, ஊர் மக்கள் தேர்ந்தெடுத்த எந்த அமைப்புக்கும் கட்டுப்படாமல் டப்ளின் கோட்டையிலிருந்த பிரிட்டிஷ் நிர்வாகத்துக்கு மட்டும் பதில் சொல்ல வைத்தார்கள். எடுத்தது மக்களிடமிருந்து, அனுப்பியது மக்களுக்கு எதிராக. முதல் பாதி சரியாக இருந்ததால் இரண்டாம் பாதியின் கேடு குறைந்துவிடவில்லை.

ஹியூஸ்டன் நிலையத்திலிருந்து தெற்கே போகும் ரயிலில் முக்கால் மணிக்குள் கில்டேர் வந்துவிடும். குதிரைப் பந்தயத்துக்குப் பேர்போன ஊர். 1922-இல், சுதந்திரத்தின் விளிம்பில் நின்ற புதிய அரசு, தன் புதிய காவல் படையும் இன்றைய கார்டாவின் முன்வடிவமுமான ‘சிவிக் கார்டு’க்கு எடுத்த ஆட்களை இங்கிருந்த ராணுவப் பாசறையில்தான் பழக்கியது. சேர்ந்தவர்களில் பலர் பிரிட்டிஷாரோடு போரிட்ட இளைஞர்கள். அவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் தலைமை தாங்கவும் அமர்த்தப்பட்டவர்களில் சிலரோ நேற்றுவரை ராயல் ஐரிஷ் கான்ஸ்டபுலரியில் இருந்தவர்கள். மே மாதத்தில் பயிற்சி பெற்றுவந்தவர்கள் கலகம் செய்தார்கள். ஆயுதக் கிடங்கு அவர்கள் கைக்குப் போயிற்று. முதல் ஆணையர் மைக்கேல் ஸ்டெய்ன்ஸ் பாசறையை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. அனுபவம் இல்லாத அரசு அனுபவமுள்ளவர்களைத் தேடியதில் தவறில்லை. சட்டம் தெரிந்தவர், பதிவேடு எழுதத் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை. ஆனால் யாரிடம் கற்கிறோம் என்பது பாடத்தின் ஒரு பகுதி என்று அந்த இளைஞர்கள் நினைத்ததிலும் நியாயம் இருந்தது. அரசு அமைத்த விசாரணைக் குழு கண்ட முடிவு இரு தரப்பு நியாயத்தையும் ஏற்றது: பழைய படையினர் ஆலோசகர்களாக மட்டும் இருக்கட்டும், அரசியல்வாதி ஆணையராக இருக்க வேண்டாம், படையைக் கலைத்துத் தகுதி பார்த்து மறுபடி சேருங்கள், முக்கியமாக, ஆயுதம் வேண்டாம். உள்நாட்டுப் போர் மூண்டிருந்த நேரத்தில் துப்பாக்கி இல்லாத காவலர்களை ஊர் ஊராக அனுப்பத் துணிந்தது ஒரு புதிய அரசு. இன்றும் சீருடையில் இருக்கும் கார்டா காவலர்கள் வழக்கமான ரோந்தில் துப்பாக்கி வைத்துக்கொள்வதில்லை. அந்த முடிவுக்கு வழிவகுத்தது பயிற்சிப் பாசறையில் எழுந்த ஒரு சச்சரவு என்பதைப் பலர் மறந்துவிட்டார்கள்.

அதே தடத்தில் இன்னும் தெற்கே, டிப்பரரி மாவட்டத்தில் டெம்பிள்மோர். 1964 முதல் கார்டாவின் பயிற்சிக் கல்லூரி இந்தச் சிற்றூரில் இருக்கிறது. அதுவும் பிரிட்டிஷ் ராணுவத்துக்காகக் கட்டிய பழைய பாசறைதான். பயிற்சி நிறைவு அணிவகுப்பு நாளில் நாடெங்கிலுமிருந்து பெற்றோர் வந்து மைதானத்தைச் சுற்றி நிற்பார்கள். அந்தக் கூட்டத்தின் முகங்கள் இருபது வருடத்தில் கொஞ்சம் மாறியிருக்கின்றன. 2005 வரை இந்தப் படையில் சேர ஐரிஷ் மொழி தெரிந்திருக்க வேண்டும். போலந்து, சீனா, நைஜீரியா என்று பல நாட்டவர் குடியேறிய பிறகு அந்த விதியைத் தளர்த்தினார்கள். தலைப்பாகையில் மட்டும் பிடிவாதம் நீடித்தது. 2007-இல் துணைக் காவலராகப் பயிற்சி பெற்ற ஒரு சீக்கியருக்கு, சீருடையோடு தலைப்பாகை கூடாது என்று சொல்லிவிட்டார்கள். 2019-இல்தான் அந்தத் தடை நீங்கியது. 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் என்ன நடந்தது என்று அறிந்த நமக்கு இதைச் சின்ன விஷயமாக எடுத்துக்கொள்ள முடியாது. நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது, புதுவிதத் தொப்பி என்று போட்ட ஆணை அங்கே எத்தனை உயிரைக் குடித்தது! பின்னாளில் அதே கோட்டைக்குள் காவலர் பயிற்சிப் பள்ளியும் நடந்தது. சீருடை எல்லோரையும் ஒன்றாக்க வேண்டும் என்பது சரியான ஆசைதான். யாருடைய தலைக்குப் பொருந்தும்படி அந்த ஒன்றைத் தைக்கிறார்கள் என்பதைக் கேட்காமல் விட்டால், சிலருக்கு அது வாசலிலேயே மூடிய கதவாகிவிடுகிறது. 2019-இல் தடையை நீக்கிய ஆணையர் ட்ரூ ஹாரிஸ் வடக்கு அயர்லாந்துக் காவல்துறையிலிருந்து வந்தவர். அவருடைய தந்தையும் அங்கே போலீஸ் அதிகாரி, 1989-இல் ஐரிஷ் குடியரசுப் படை (ஐ.ஆர்.ஏ.) என்ற ஆயுதக் குழு வைத்த குண்டுக்குப் பலியானவர். அப்படிப்பட்டவரை டப்ளின் அரசு தன் காவல்துறைக்குத் தலைவராக்கியது. இந்தத் தீவு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பதற்கு இது ஒன்றே போதிய சான்று.

வடக்கே போக டப்ளின் கானலி நிலையத்தில் ரயில் ஏற வேண்டும். ‘என்டர்பிரைஸ்’ என்ற பெல்ஃபாஸ்ட் ரயில் ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும். முதல் பகுதி கடலோரமாக ஓடுகிற பாதை. டப்ளினை விட்டுக் கொஞ்ச நேரத்தில் நிற்காமல் தாண்டிவிடும் இரண்டு ஊர்கள் பால்பிரிகனும் கார்மன்ஸ்டனும். 1920-இல் பழைய படையிலிருந்து ஐரிஷ் காவலர்கள் கூட்டங்கூட்டமாக விலகினார்கள். காலியான இடங்களை நிரப்ப, முதல் உலகப் போர் முடிந்து வேலையில்லாமல் இருந்த முன்னாள் சிப்பாய்களை பிரிட்டனில் ஆயிரக்கணக்கில் எடுத்தார்கள். ஆறு மாதம் கொடுத்துவந்த பயிற்சி சில வாரங்களாகச் சுருங்கியது. சீருடைக்குக்கூடத் துணி போதாமல் பாதி காக்கியும் பாதி கரும்பச்சையுமாக உடுத்தி அனுப்பினார்கள். ‘பிளாக் அண்டு டான்ஸ்’ என்ற பெயர் அப்படித்தான் வந்தது. அவர்களுடைய முகாம் கார்மன்ஸ்டனில். 1920 செப்டம்பர் 20 இரவு, பால்பிரிகனில் ஒரு போலீஸ் அதிகாரி சுட்டுக் கொல்லப்பட்டதற்குப் பழிவாங்க அந்த முகாமிலிருந்து வந்தவர்கள் உள்ளூர்க்காரர் இருவரைக் கொன்றார்கள். சுமார் 50 வீடுகளையும், ஊருக்குச் சோறு போட்ட காலுறைத் தொழிற்சாலை ஒன்றையும் கொளுத்தினார்கள். ஆள் பற்றாக்குறை என்று அவசர அவசரமாக எடுத்து, அரைகுறையாகப் பழக்கி, ஊர் பேர் தெரியாத இடத்தில் இறக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

ட்ரொஹெடா, டன்டாக் தாண்டி எல்லை கடந்தது தெரியாமலே, தீவு பிரிந்தபோது பிரிட்டனோடு தங்கிவிட்ட வடக்கு அயர்லாந்துக்குள் ரயில் நுழைந்துவிடுகிறது. 1922-இல் இங்கே ராயல் அல்ஸ்டர் கான்ஸ்டபுலரி உருவானபோது, 3,000 பேர் கொண்ட படையில் மூன்றில் ஒரு பங்கு இடத்தைக் கத்தோலிக்கர்களுக்கு ஒதுக்கினார்கள். அந்த ஒதுக்கீடு ஒருநாளும் நிரம்பவில்லை. தொடக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கை எட்டிப் பிறகு சரிந்து, 1960களின் முடிவில் பத்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் நின்றது. கத்தோலிக்கர்கள்தான் சேர வரவில்லை என்று பல காலம் சொல்லிவந்தார்கள். அதில் ஓரளவு உண்மை உண்டு: சேர்ந்தவரைச் சொந்தச் சமூகமே துரோகி என்றது, பின்னாளில் ஐ.ஆர்.ஏ. கொன்றது. ஆனால் 1923-லேயே அந்தப் படைக்குள் புராட்டஸ்டன்டுகளின் ஆரஞ்சு சங்கக் கிளை ஒன்று தொடங்கிவிட்டது. அதற்கு வைத்த பெயரும் ராபர்ட் பீல். துணைப்படையான பி-ஸ்பெஷல்ஸ் முழுக்க முழுக்கப் புராட்டஸ்டன்டுகளுடையதாகவே இருந்தது. வீட்டு வாசலில் எதிரணிக் கொடியைக் கட்டிவிட்டு ‘விருந்துக்கு யாரும் வரவில்லையே’ என்று குறைப்பட்டால் எப்படி? 1998 ஏப்ரல் 10-இல் இரு தரப்பு மோதலுக்கு முடிவு கட்டிய புனித வெள்ளி உடன்படிக்கை கையெழுத்தான நேரத்தில், மக்கள்தொகையில் நாற்பது சதவீதத்துக்கு மேல் இருந்த கத்தோலிக்கர் போலீஸில் 8 சதவீதம்தான். மோதல் ஆண்டுகளில் அந்தப் படை 300-க்கும் மேற்பட்ட காவலர்களை இழந்திருந்தது. அவர்களுடைய குடும்பங்களின் துயரத்தை ஒதுக்கிவிட்டு இந்தக் கணக்கைப் பேசுவது முறையல்ல. துயரத்தைக் காரணம் காட்டி இந்தக் கணக்கைப் பேசாமல் விடுவதும் முறையல்ல.

உடன்படிக்கையின்படி அமைந்த குழுவுக்குத் தலைவர் கிறிஸ் பேட்டன். ஹாங்காங்கின் கடைசி பிரிட்டிஷ் ஆளுநர். 1999 செப்டம்பரில் அவருடைய குழு 175 பரிந்துரைகள் தந்தது. பெயர், சின்னம், மேற்பார்வை, ஆட்பலம் என்று அது தொடாத இடமில்லை. நடுநாயகமாக இருந்தது ஒன்று: பத்து ஆண்டுகளுக்கு, புதிதாக எடுக்கும் காவலர்களில் பாதிப்பேர் கத்தோலிக்கர்களாக இருக்க வேண்டும். நடைமுறை இப்படி: விண்ணப்பிக்கும் எல்லோருக்கும் ஒரே எழுத்துத் தேர்வு, ஒரே உடற்தகுதி, ஒரே பின்னணி விசாரணை. தேறியவர்கள் எல்லோரும் ஒரு தொகுப்புக்குள் வருவார்கள். அந்தத் தொகுப்பிலிருந்து ஒரு கத்தோலிக்கர், ஒரு மற்றவர் என்ற விகிதத்தில் எடுப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் சமவாய்ப்புச் சட்டத்தில் இதற்கென்றே தனி விலக்குப் பிரிவு சேர்க்க வேண்டியிருந்தது. கூடவே, வயது முதிர்ந்த காவலர்கள் நல்ல தொகை பெற்று விருப்ப ஓய்வில் போக வழி செய்தார்கள். காலியிடம் இல்லாமல் ஒதுக்கீடு மட்டும் இருந்திருந்தால் எதுவும் நகர்ந்திருக்காது. 2001 நவம்பர் 4-இல் வடக்கு அயர்லாந்துக் காவல் சேவை என்ற புதிய பெயரில் படை மாறியது. சட்டம் நீடித்த பத்தாண்டு முடிந்தபோது கத்தோலிக்கர் பங்கு 30 சதவீதத்தை நெருங்கியிருந்தது. 1922-இன் மூன்றில் ஒரு பங்கு வாக்குறுதி 80 ஆண்டுகளில் செய்யாததை, எண்ணிக்கையைக் கட்டாயமாக்கிய விதி பத்தே ஆண்டில் செய்தது.

தகுதி கெட்டுவிடும் என்ற ஆட்சேபம் நம் வாசகருக்குப் பழகிய குரல். 1921-இல் நீதிக் கட்சி அரசு சென்னை மாகாணத்தில் முதல் வகுப்புவாரி ஆணையைப் போட்ட நாளிலிருந்து அதைக் கேட்டுவருகிறோம். வடக்கு அயர்லாந்தில் அதற்குச் சொன்ன பதில் எளியது: தேறாதவர் யாரும் உள்ளே வரவில்லை. தேறியவர்களுக்குள் இரண்டு மதிப்பெண் கூடப் பெற்றவர்தான் நல்ல காவலர் ஆவார் என்று எந்தத் தேர்வும் உறுதி சொல்ல முடியாது. கத்தோலிக்கர் மிகுந்த மேற்கு பெல்ஃபாஸ்டில் ஒரு தாய் தன் மகனைச் சுட்டவன் யார் என்று வாய் திறந்து சொல்வாளா என்பதும் தகுதியின் ஓர் அளவுகோல்தான். பழைய படைக்கு அந்தத் தகுதி இல்லை. தனிமனித அநீதி என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. எல்லாத் தேர்விலும் தேறி, புராட்டஸ்டன்ட் என்பதற்காக மட்டும் வேலை கிடைக்காமல் போன இளைஞர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். அவர்களில் பலர் பழைய பாவம் எதிலும் பங்கில்லாதவர்கள். ஒருவர் தொடுத்த வழக்கும் நீதிமன்றத்தில் தோற்றது. அவர்களுடைய இழப்பு உண்மையானது; அதை இல்லை என்று சொல்லி வாதத்தில் வெல்ல நான் விரும்பவில்லை. ஆனால் மறுபுறம் நின்ற இழப்பு, ஒரு சமூகம் முழுவதும் போலீஸ் இல்லாமல், அல்லது தனக்கு எதிரான போலீஸோடு, மூன்று தலைமுறை வாழ்ந்தது. கால வரையறையோடு வந்த ஒரு விதி அந்த இரண்டில் சிறியதைத் தேர்ந்தது. அனுபவமிக்க துப்பறிவாளர்கள் ஒரேயடியாக ஓய்வில் போனது தனிக் குறை. அவர்களில் சிலரைத் தற்காலிக ஊழியர்களாகத் திரும்ப அழைக்க வேண்டிவந்தது பலருடைய கண்டனத்துக்கு உள்ளானது. அந்தக் கண்டனம் நியாயமே.

ஃபீனிக்ஸ் பூங்கா எழுப்பிய கேள்விக்கு, பெல்ஃபாஸ்டில் விகிதாசாரத்தோடு சேர்ந்து வந்த மற்ற மாற்றங்கள்தான் பதில். கட்சிப் பிரதிநிதிகளும் பொதுமக்களும் உட்காரும் காவல் வாரியத்துக்குத் தலைமைக் காவலர் பதில் சொல்ல வேண்டும். காவலர் மீதான புகாரைக் காவல்துறைக்கு வெளியே இருக்கும் ஆம்புட்ஸ்மன் விசாரிக்கிறார். ஆரஞ்சு சங்கம் போன்றவற்றில் உறுப்பினராக இருந்தால் அதைப் பதிவு செய்ய வேண்டும். எல்லோரும் கான்ஸ்டபிளாகவே நுழைய வேண்டும். மனித உரிமையைக் காப்பேன், எல்லோரையும் அவரவர் மரபையும் நம்பிக்கையையும் சமமாக மதிப்பேன் என்பது 2000ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே எழுதிய உறுதிமொழி. தொப்பியில் இருக்கும் சின்னத்தைக் கிட்டத்தில் பார்த்தால் புனித பேட்ரிக் சிலுவையைச் சுற்றி ஆறு உருவங்கள் தெரியும்: யாழ், கிரீடம், மூவிலைச் செடி, தீப்பந்தம், ஆலிவ் கிளை, தராசு. யார் சின்னத்தையும் விடாமல் சேர்த்திருக்கிறார்கள். அழகில் குறை சொல்லலாம். எண்ணத்தில் குறை சொல்ல முடியாது. பயிற்சிக் கல்லூரி கார்னர்வில்லில், புராட்டஸ்டன்டுகள் மிகுந்த கிழக்கு பெல்ஃபாஸ்டில் இருக்கிறது. பழைய படையின் பாடத்திட்டத்தைப் பற்றி பேட்டன் அறிக்கை பதிவு செய்த கணக்கு என்னைத் திடுக்கிட வைத்தது: 700 பாட வேளைகளில் கவாத்துக்கு 40, துப்பாக்கிப் பயிற்சிக்கு 63, மனித உரிமைக்கு 2. இன்று அந்த விகிதம் இல்லை. சட்டமும் மக்களோடு பழகும் முறையும் பாடத்தின் பெரும்பகுதி.

பாடம் மாறியும் போதவில்லை என்று காட்டியது பெல்ஃபாஸ்டின் ஆர்மோ சாலை. 1992 பிப்ரவரி 5-இல் அங்கே ஒரு பந்தயக் கடைக்குள் புகுந்த புராட்டஸ்டன்ட் ஆயுதக் குழுவினர் ஐந்து கத்தோலிக்கர்களைச் சுட்டுக் கொன்றார்கள். 2021-இல் அதே நாளில் உறவினர்கள் மலர் வைக்கக் கூடியபோது, கொரோனா விதிமீறல் என்று தலையிட்ட காவலர் இருவரும் பணிக்குப் புதியவர்கள். 1992-இல் துப்பாக்கிக் குண்டு பட்டுப் பிழைத்த ஒருவரையே கைவிலங்கு போட்டுக் கைது செய்தார்கள். ஊர் கொதித்தது. காவல்துறைத் தலைமை அந்தக் காவலர்களில் ஒருவரைப் பணி இடைநீக்கம் செய்தது, மற்றவரை இடம் மாற்றியது. அந்த நடவடிக்கை சட்டவிரோதம் என்று 2023-இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அடுத்த சில நாட்களில் தலைமைக் காவலர் பதவி விலகினார். இதில் அந்த இரண்டு இளம் காவலர்கள் மீது எனக்குக் கோபமில்லை. அவர்கள் விதியைப் படித்திருந்தார்கள். அந்தத் தெருவுக்கு அந்தத் தேதி என்ன என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்லி அனுப்பியதாகத் தெரியவில்லை. ஊரின் துக்க நாட்களைத் தெரிந்துகொள்வது காவலர் பயிற்சியின் கடைசிப் பாடமாக இருக்கக் கூடாது.

இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இதே கேள்வி வேறு உருவில் இன்னும் நிற்கிறது. 2011-இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, பொலிஸ் நிலையங்களில் இரு மொழியும் தெரிந்த உத்தியோகத்தர்கள் 24 மணி நேரமும் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1987-இன் 13ஆவது திருத்தம் மாகாணங்களுக்குச் சொன்ன பொலிஸ் அதிகாரமும் ஏட்டிலேயே தங்கிவிட்டது. சாதாரண ஒரு முறைப்பாட்டைச் சொந்த மொழியில் எழுதிக்கொடுக்க முடியாத இடத்துக்கு மக்கள் விரும்பிப் போக மாட்டார்கள். பெல்ஃபாஸ்ட் தரும் படிப்பினை அங்கே நேராகப் பொருந்தும்: தமிழ் இளைஞர் தாமாக வந்து சேரட்டும் என்று காத்திருந்தால் வரமாட்டார்கள், எண்ணிக்கையும் கால வரையறையும் சட்டத்தில் எழுதியாக வேண்டும், அவர்கள் பதில் சொல்லும் அமைப்பில் அவர்களுடைய ஊரும் உட்கார வேண்டும்.

பெல்ஃபாஸ்டிலிருந்து மேற்கே பேருந்தில் போனால் ஓமா. ஒன்றுக்கு ஒன்று என்ற அந்த விதி 2011 மார்ச் 28-இல் காலாவதியானது. ஐந்தே நாளில், ஏப்ரல் 2 அன்று, பயிற்சி முடித்துக் கொஞ்ச காலமே ஆன 25 வயதுக் கத்தோலிக்கக் காவலர் ஒருவர் இந்த ஊரில் தன் வீட்டு வாசலில் காருக்கு அடியில் வைத்த குண்டு வெடித்து இறந்தார். அவருடைய சவப்பெட்டியைக் காவலர்களும் கேலிக் விளையாட்டுச் சங்கத்தாரும் தோள் மாற்றிச் சுமந்தார்கள். 2001 வரை வடக்கு அயர்லாந்துப் போலீஸ்காரர் யாரையும் உறுப்பினராகச் சேர்க்கக் கூடாது என்று விதி வைத்திருந்த சங்கம் அது. இன்றும் வடக்கு அயர்லாந்துக் காவலர் பலர் காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் குனிந்து காருக்கு அடியில் பார்த்துவிட்டே கதவைத் திறக்கிறார்கள். 2023 ஆகஸ்டில் ஏறத்தாழ 10,000 ஊழியர்களின் விவரங்கள் காவல்துறையின் தவறாலேயே இணையத்தில் வெளியானபோது, அக்கம்பக்கத்தாரிடம் தன் வேலையையே சொல்லாமல் வாழ்ந்த கத்தோலிக்கக் காவலர்கள்தான் அதிகம் பதறினார்கள். இப்படிப்பட்ட அபாயம் இருக்கும் இடத்தில், பத்தாண்டு முடிந்தது, இனி தானாக நடக்கும் என்று விதியை விட்டுவிட்டது தவறு. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகையில் கத்தோலிக்கப் பின்னணி உள்ளவர்கள் 45.7 சதவீதம்; காவல்துறையில் அவர்கள் பங்கு மூன்றில் ஒன்றிலேயே தேங்கி நிற்கிறது. லண்டன் நாடாளுமன்றம் அந்த விதியை மறுபடி கொண்டுவர வேண்டும். அதோடு, பேட்டன் 1999-இல் கேட்ட புதிய கல்லூரியையும் கட்ட வேண்டும். குக்ஸ்டவுன் அருகே டெசர்ட்கிரீட்டில் போட்ட திட்டம் போலீஸைப் பொறுத்தவரை கைவிடப்பட்டு, தீயணைப்புத் துறைக்கு மட்டும் பயிற்சி மையம் எழுந்திருக்கிறது. புதிய காவலர்கள் இன்னும் கார்னர்வில்லில்தான் பழகுகிறார்கள்.